ஒரே மாதிரி இரண்டு பேட்ஜ்: ஒன்று 7 பவுண்டு, இன்னொன்று 150 பவுண்டு

கேள்வி இதுதான். ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய தொப்பி பேட்ஜ்களைப் பார்த்துவருகிறீர்கள். மெஷின் கன் கோர் என்ற படைப்பிரிவின் பித்தளை பேட்ஜ் ஒரு வாரம் 7 பவுண்டுக்குப் போகிறது. அடுத்த வாரம், படத்தில் அச்சு அசலாக அதே மாதிரி தெரியும் ஒன்று 150 பவுண்டைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் தலைப்பில் 'முதல் உலகப் போர், அசல்' என்றுதான் போட்டிருக்கிறது. யாராவது ஆள் வைத்து விலையை ஏற்றுகிறார்களா, இல்லை வாங்குகிறவர்களுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா?

ஆள் வைத்து ஏற்றுவதும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான சமயம் காரணம் அதைவிட எளிமையானது. 150 கொடுத்தவர் நீங்கள் பார்க்காத எதையோ அந்தப் படங்களில் பார்த்திருக்கிறார். அதுவும் அனேகமாகப் பின்பக்கப் படத்தில்.

மெஷின் கன் கோர் 1915 அக்டோபரில் தொடங்கப்பட்டு 1922-ல் கலைக்கப்பட்டது. அதில் பணியாற்றியவர்கள் 1,70,500 பேர். ஆகவே சாதாரணச் சிப்பாய் அணிந்த பித்தளை பேட்ஜ் அசலே ஆனாலும் அரிய பொருள் கிடையாது. அப்படியிருக்க ஒன்று 150-க்குப் போனால் அது சாதாரண வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. அதிகாரிகளுக்கான வெண்கல நிற வகையாக இருக்கலாம். கீழே எம், எம், ஜி என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்த மோட்டார் மெஷின் கன் வகையாக இருக்கலாம். அல்லது இன்னாருடையது என்று காகிதத்தோடு வந்ததாக இருக்கலாம். அந்த மூன்று எழுத்து வகை அரிது என்பதாலேயே சாதாரண பேட்ஜில் எழுத்துகளைப் பற்றவைத்து விற்கும் வேலையும் நடக்கிறது. எழுத்துகள் ஒட்டியிருக்கும் இடத்தைப் பின்பக்கமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பேட்ஜின் மற்ற இடங்களெல்லாம் கறுத்துப் பழசாகியிருக்க, அங்கே மட்டும் புதிதாகப் பளபளத்தால் விட்டுவிடுங்கள்.

7 பவுண்டுக்குப் போனது என்ன? அது 'ரீஸ்ட்ரைக்' ஆக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சந்தையில் புதிதாக வருகிறவர்களைக் குழப்புவதில் முதலிடம் இதற்குத்தான். பேட்ஜ் அடிக்கும் எஃகு அச்சுகள் போர் முடிந்ததும் அழிந்துவிடவில்லை. பல அச்சுகள் கைமாறின. சேகரிப்பாளர்கள் பெருகிய பிறகு அதே அச்சில் புதுப் பித்தளைத் தகட்டை வைத்து மறுபடி அடித்தார்கள். அச்சு உண்மையானது, உலோகமும் உண்மையானது, அடித்த காலம் மட்டும் வேறு. அதனால்தான் முன்பக்கப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேர்ந்தவர்களாலும் சொல்ல முடிவதில்லை. பின்பக்கத்தில் ஸ்லைடர் என்ற நீண்ட தகட்டுப் பட்டையோ, லக் எனப்படும் இரண்டு செப்புக் கம்பி வளையங்களோ பற்றவைத்திருக்கும். குட்டு அங்கேதான் உடையும். அந்தப் பட்டையின் நீளம், தடிமன், நுனி வெட்டிய விதம், பற்று வைத்த விதம் இவையெல்லாம் காலத்துக்குக் காலம் மாறும். பட்டையில் 'ஜே.ஆர். காண்ட், லண்டன்' என்ற முத்திரை இருந்தாலே பழசு என்று நம்பிவிடுகிறார்கள். சேகரிப்பாளர்களுக்காகப் பின்னாளில் அடித்தவற்றிலும் அந்தப் பெயர் நிறையவே இருக்கிறது. அந்த முத்திரையைப் பார்த்ததும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டுமே தவிர, அதற்காக விலையைக் கூட்டக் கூடாது.

தலைப்பில் சில விற்பனையாளர்கள் 'கே அண்ட் கே' என்று ஓர் எண் போடுவார்கள். தொப்பி பேட்ஜ்களுக்கான பட்டியல் நூல் ஒன்றில் அந்த வடிவமைப்புக்குக் கொடுத்திருக்கும் எண் அது. எந்தப் படைப்பிரிவு, எந்த வகை என்பதை அது சொல்லும். கையில் இருக்கும் பொருள் அசலா என்பதைச் சொல்லாது. நகலுக்கும் அதே எண்ணைத் தாராளமாகப் போடலாம்.

ரீஸ்ட்ரைக்குக்கும் கீழே வருவது வார்ப்பு நகல். அசல் பேட்ஜைக் களிமண்ணிலோ ரப்பரிலோ பதித்து, அந்தக் குழியில் உருக்கி ஊற்றியது. இதைப் பிடிப்பது சுலபம். அச்சில் அடித்த பேட்ஜின் முன்பக்கம் எங்கெல்லாம் புடைத்திருக்கிறதோ அங்கெல்லாம் பின்பக்கம் குழிந்திருக்கும். வார்த்ததன் பின்பக்கம் தட்டையாக, நுண்ணிய புள்ளிகளோடு சொரசொரப்பாக இருக்கும். எழுத்துகளின் ஓரம் சோப்பு கரைந்தாற்போல மழுங்கியிருக்கும். துப்பாக்கிகளுக்கும் கிரீடத்துக்கும் நடுவே வெட்டி எடுத்த இடைவெளிகளில் அரம் போட்ட கோடுகள் தெரியும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் குறையும், 50 மி.மீ. அகலமான அசலிலிருந்து எடுத்த வார்ப்பு ஏறத்தாழ 1 மி.மீ. சிறிதாக இருக்கலாம். ஸ்கேலை வைத்து இதை நம்பி அளக்க முடியாது. வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கிரீடத்தையும் பாருங்கள், இதற்குச் செலவே இல்லை. 1902-லிருந்து 1953 வரை பேட்ஜ்களில் இருப்பது டியூடர் கிரீடம். 'கிங்ஸ் கிரவுன்' என்பார்கள். அதன் வளைவுகள் மேல்நோக்கி உருண்டு எழும். எலிசபெத் அரசி காலத்துச் செயின்ட் எட்வர்ட் கிரீடத்தில் வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கும். 1922-ல் கலைந்த படையின் பேட்ஜில் நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம் இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். மறுபக்கம், மன்னர் மூன்றாம் சார்லஸ் டியூடர் கிரீடத்தையே மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இன்றும் இருக்கும் படைப்பிரிவுகளின் விஷயத்தில் 'கிங்ஸ் கிரவுன்' என்று மட்டும் போட்டிருந்தால் அது 1940-ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், நேற்று வந்ததாகவும் இருக்கலாம்.

நிறத்தை நம்பி விலை கேட்காதீர்கள். புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னுவதால் மட்டும் போலி ஆகிவிடாது; சிப்பாய்கள் தினமும் பாலீஷ் போட்டுத் தேய்த்த பொருள் இது. அப்படித் தேய்ந்த அசலில் மேடான இடங்கள் மட்டும் வழுவழுப்பாகி, பள்ளங்களில் பழைய பாலீஷ் வெள்ளையாகவோ பச்சையாகவோ உறைந்திருக்கும். ரசாயனத்தில் முக்கிக் கறுப்பாக்கிய நகலில் மேடு பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும், பட்டைக்கு அடியில்கூட. பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஈயப்பற்று கட்டியாக வழிந்திருந்தால், உடைந்த வளையத்தை யாரோ பின்னாளில் மாற்றி வைத்திருக்கிறார்கள். பேட்ஜ் அசலாகவே இருக்கலாம், ஆனால் பழுது பார்த்தது என்பதால் விலை கணிசமாக இறங்கும். படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, ஒன்று பாதி விலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது ஒரே மாதிரி தெரியும் வெவ்வேறு பொருள்களைப் பற்றி. உண்மையிலேயே ஒரே பொருளாக இருந்தும் விலை பத்து மடங்கு வேறுபடும் இடம் ஒன்று உண்டு: சில்வர் வார் பேட்ஜ். காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 செப்டம்பரிலிருந்து கொடுத்த வட்டமான வெள்ளி பேட்ஜ் அது. பத்து லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே வடிவம், ஒரே வெள்ளி. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்ற பதிவேடுகள் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். எண்ணுக்கு உரியவர் உள்ளூர்க் கிடங்கில் வேலை பார்த்து நோயால் விடுவிக்கப்பட்டவர் என்றால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதே பேட்ஜ் பிரான்ஸில் நடந்த சோம் போரில் காயம்பட்டவருடையது, பெயர்பெற்ற பட்டாலியனைச் சேர்ந்தவருடையது என்று தெரிந்தால் ஏலம் கேட்பவர்கள் பாய்ந்துவிடுவார்கள். விற்பவர் எண்ணைத் தேடாமலே போட்டிருப்பார். படத்தில் எண் தெரிந்தால் வாங்குகிறவர்கள் தேடிவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் விலை எகிறும்போது, சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். இந்த பேட்ஜ் எதைக் கண்டாலும் முதலில் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.என். என்று தொடங்கினால் கடற்படை, ஆர்.ஏ.எஃப். என்று தொடங்கினால் விமானப்படை. எண்ணைச் சுரண்டி மாற்றிய தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இதேபோல் ஒரு சின்ன வித்தியாசத்தில் விலை தாவுவது லிவர்பூல் பால்ஸ் பட்டாலியன்களின், அதாவது நண்பர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் ஒன்றாகச் சேர்ந்த படைகளின், கழுகும் குழந்தையும் உள்ள பேட்ஜ். அந்தப் படைகளைத் திரட்டிய டார்பி பிரபுவின் குலச் சின்னம் அது. 1914-ல் முதலில் சேர்ந்தவர்களுக்கு அவர் வெள்ளியில் செய்து கொடுத்தார். பிறகு வந்தவர்களுக்குப் பித்தளை. வெள்ளி பேட்ஜின் பின்னால் எல்கிங்டன் நிறுவனத்தின் குறியும், வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனைச்சாலையின் நங்கூர முத்திரையும், 1914-க்குரிய ஆண்டு எழுத்தும் இருக்க வேண்டும். பித்தளையில் வெள்ளி முலாம் பூசியதையும் 'வெள்ளி நிறம்' என்று சாமர்த்தியமாக எழுதி விற்பார்கள். முத்திரைகள் பின்பக்கம் தனித்தனியாகக் குத்தியவையா, அல்லது பேட்ஜோடு சேர்த்து வார்க்கப்பட்டு மழுங்கித் தெரிகின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது.

உலோகத்தின் மதிப்பை வைத்து யோசிப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போரில் பித்தளை தட்டுப்பாடானபோது பழுப்பு, சாம்பல், பொன் நிறங்களில் பிளாஸ்டிக்கிலேயே பேட்ஜ் வார்த்துக் கொடுத்தார்கள். பலவற்றின் பின்னால் வால்சால் ஊரின் ஏ. ஸ்டான்லி நிறுவனத்தின் பெயர் இருக்கும். பொம்மை என்று ஒதுக்கித் தூக்கி எறிந்தவை போக மிஞ்சியவை குறைவு. பல படைப்பிரிவுகளுக்கு உலோக பேட்ஜைவிட இதற்குத்தான் விலை அதிகம். பின்னால் மடக்கிச் செருகும் இரண்டு தகடுகளும் முழுசாக இருக்க வேண்டும். மடக்கி மடக்கி ஒன்று ஒடிந்திருந்தால் விலை சரியும். இரண்டாவது, 'ஸ்டேபிரைட்' எனப்படும் மெருகேற்றிய அலுமினியம். 1950-களில் பித்தளைக்குப் பதில் வந்தது; எடையே இருக்காது, பார்க்கத் தகர டப்பா மாதிரி பளபளக்கும். 1957-க்குப் பின் பல படைப்பிரிவுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். ஸ்டேபிரைட் வந்து கொஞ்ச காலத்திலேயே மறைந்துபோன படைப்பிரிவுகளின் பேட்ஜ் அதனால் குறைவாகவே புழங்கியது. அதே பிரிவின் பித்தளை பேட்ஜ் மலிவாகக் கிடைக்க, அலுமினியம் யானை விலை போவது இதனால்தான்.

இனி ஏலம் கேட்பவர்கள் பக்கம் வருவோம். ஒரு பொருளை இரண்டு மூன்று வகைச் சேகரிப்பாளர்கள் வெவ்வேறு காரணத்துக்காகத் தேடினால் விலை வழக்கமான கணக்கில் நிற்காது. சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர் நல்ல எடுத்துக்காட்டு. இலங்கைத் தோட்டத் துரைமார்கள் சேர்ந்திருந்த தொண்டர் படை அது. 1914-ல் எகிப்துக்குப் போய், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைந்து துருக்கியின் கலிபோலிப் போர்முனைக்கும் போனது. ஆகவே அதன் பேட்ஜ் ஏலத்துக்கு வந்தால் பிரிட்டிஷ் பேட்ஜ் சேகரிப்பவர், இலங்கைப் பொருள் சேகரிப்பவர், தோட்டக் குடும்பங்களின் பேரன் பேத்திகள், கலிபோலி தொடர்பானதை மட்டும் தேடும் ஆஸ்திரேலியர் என எல்லாரும் வந்து நிற்பார்கள். ஆள் குறைவான இங்கிலாந்துக் கிராமத் தொண்டர் படை ஒன்றின் பேட்ஜ் இதைவிட அரிதாக இருந்தும் மலிவாகப் போகும், கேட்க ஆள் இல்லாததால்.

அதுவும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, இரண்டாவது ஆள் எவ்வளவு வரை போவார் என்பதுதான் ஈபேயில் விலையை நிர்ணயிக்கிறது. நீங்கள் உச்சவரம்பைப் போட்டு வைத்தால் ஈபே அதை வெளியே காட்டாமல், உங்களுக்கு அடுத்தவரைத் தாண்டும் அளவுக்கு மட்டும் படிப்படியாகக் கேட்கும். ஒருவர் 200 பவுண்டு போட்டிருக்கிறார், இன்னொருவர் 40 என்று வையுங்கள். பேட்ஜ் 40-க்கு மேல் ஒரு படியில், அதாவது 41-ஐ ஒட்டி முடியும். அன்று 180 போட்ட மூன்றாவது ஆளும் இருந்தால் 180-க்கு மேல் ஒரு படியில் முடியும். பேட்ஜ் அதேதான், 200 போட்டவரும் அவரேதான். அந்த நடு ஆள் அன்றைக்கு ஊரில் இல்லை என்றால் 140 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். ஆகவே ஒரே ஒரு முடிவு விலையை வைத்துக்கொண்டு 'இது மார்க்கெட் விலை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த 200 ஆளுக்குப் பேட்ஜ் கிடைத்துவிட்டதால் அடுத்த முறை அவர் வரமாட்டார். ஒரு மாதம் கழித்து அதே வகை மறுபடி வரும்போது விலை படுத்துவிடுவது இதனால்தான். முதலாவது நல்ல விலைக்குப் போனதைப் பார்த்து இரண்டாவதை எடுத்துக்கொண்டு வரும் விற்பனையாளர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

தலைப்பும் நேரமும் தங்கள் பங்குக்கு விளையாடும். 'பழைய ராணுவ பேட்ஜ், இரண்டு துப்பாக்கி' என்று மட்டும் போட்டால் படைப்பிரிவின் பெயரைத் தேடுகிறவர்கள் கண்ணில் அது படாது. பிரிட்டனில் நள்ளிரவுக்குப் பிறகு முடியும் ஏலத்தில் ஆள் குறைவு. 40 பேட்ஜ் சேர்ந்த கலவையில் அரிய ஒன்று மறைந்திருந்தால் மொத்தமும் பெரிய விலைக்குப் போகும். தேடல் பட்டியலில் முதல் படம் மட்டும் தெரிவதால், அந்தப் படத்தில் இருக்கும் சாதாரண பேட்ஜுக்கே அந்த விலை என்று தோன்றும்.

பட்டியலில் தெரியும் விலையே பொய்யாக இருப்பதும் உண்டு. 'விற்றவை' என்ற வடிகட்டியில் கோடு போட்டு அடித்த விலை தெரிந்தால், விற்பனையாளர் அதைவிடக் குறைவான பேரத்தை ஒப்புக்கொண்டார் என்று பொருள். உண்மையில் கைமாறிய தொகை அங்கே தெரியாது. ஜெயித்தவர் பணம் கட்டாமல் போயிருந்தால் அதே பேட்ஜ் அதே படத்தோடு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வரும். முதல் விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆள் வைத்து ஏற்றுவதைச் சந்தேகப்பட்டால் கேட்டவர்களின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். பெயர்கள் மறைத்திருந்தாலும் ஒரு தடம் தெரியும்: ஒரே ஆள், மற்றவரின் உச்சவரம்பைத் தடவிப் பார்ப்பதுபோல் சின்னச் சின்னப் படியாக ஏற்றிக்கொண்டே போய், தாண்டிவிடும் நிலைமை வந்ததும் நின்றுவிடுவார் அல்லது கேட்டதை வாபஸ் வாங்குவார். அதே விற்பனையாளரின் மற்ற ஏலங்களிலும் அதே ஆள் இப்படிச் செய்து ஜெயிக்காமலே இருந்தால் அந்த விற்பனையாளரிடமிருந்து விலகிவிடுங்கள். ஒரு தடவை மட்டும் நடந்தால் அது அனுபவமில்லாத சேகரிப்பாளராக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அவர்களும் அப்படித்தான் கேட்பார்கள்.

ஏல நிறுவனங்களின் விலையை ஈபே விலையோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். பிரிட்டனில் சுத்தியல் தட்டிய விலை 100 பவுண்டு, வாங்குவோர் கமிஷன் 25% என்றால் 25. அந்தக் கமிஷன் மீது 20% வாட் வரி 5. இணையத் தளம் வழியாகக் கேட்டால் அந்தத் தளத்தின் கட்டணம் 5%, அதன் மீது வாட் சேர்ந்து 6. ஆக 136, தபால் தனி. நிறுவனம் வெளியிடும் முடிவுப் பட்டியலில் சில இடங்களில் 100 என்றும் சில இடங்களில் கமிஷன் சேர்த்தும் இருக்கும்.

சரி, உங்கள் விலையை எப்படி முடிவு செய்வது? 'விற்றவை' வடிகட்டியில் கடந்த 90 நாள் கிடைக்கும். அதில் பின்பக்கப் படம் இல்லாத எல்லாவற்றையும் முதலில் கழித்துவிடுங்கள். மிஞ்சியவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: ரீஸ்ட்ரைக் அல்லது நகல் என்று தெரிபவை, பழுது பார்த்தவை, முழுசான அசல்கள். அசல் குவியலில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி நடுவில் இருப்பவற்றைப் பாருங்கள். தபால் செலவைச் சேர்த்தே எழுதுங்கள். ஐந்தாறு விற்பனைகூடக் கிடைக்காத அரிய வகை என்றால் பழைய ஏலப் பட்டியல்களைத் தேட வேண்டும். அவசரப்பட்டு ஒரே விலையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வரம்பு முடிவானதும், நான்கு நாள் முன்னாலேயே போட்டு மற்றவர்களைச் சூடேற்றாமல் கடைசிப் பத்து விநாடிக்குள் ஒரே தடவை முழு வரம்பையும் போடுங்கள். 50 என்று முழு எண்ணாகப் போடுகிறவர்கள் அதிகம், 51.37 போட்டால் சில்லறையில் ஜெயிக்கவும் கூடும்.

அதற்கு முன்னால், ஏலம் முடிய இரண்டு நாளாவது இருக்கும்போது விற்பவருக்கு எழுதிக் கேட்க வேண்டியவை: பின்பக்கம் நேராக எடுத்த படம், பக்கவாட்டில் தடிமன் தெரியும் படம், பட்டையோ வளையமோ பற்றவைத்த இடத்தின் நெருக்கப் படம், அகலமும் உயரமும் மி.மீ. கணக்கில், 0.1 கிராம் வரை காட்டும் தராசில் எடை. 'நீங்கள் இதை அசல் என்று விற்கிறீர்களா' என்ற கேள்வியையும் சேர்த்து, பதிலை ஈபே செய்தியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விவரித்தபடி இல்லாத பொருளைத் திருப்பும்போது அந்த ஒரு வரிதான் உதவும். வீடு காலி செய்ததில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் வந்தால் அது அசல் என்ற உறுதி இல்லை. படமும் வரவில்லை, பதிலும் வரவில்லை என்றால் அந்த பேட்ஜுக்கு ரீஸ்ட்ரைக் விலைக்கு மேல் ஒரு பென்னிகூடக் கேட்காதீர்கள்.